விடியற்காலை ஐந்து மணித் தண்ணீர்

குளத்தில் மீன் விடப் போகிறேன் என்று சொன்னால் குஞ்சு எங்கே வாங்குவது, தீவனம் எவ்வளவு போடுவது, எத்தனை மாதத்தில் பிடிக்கலாம் என்று சொல்லித்தர நிறையப் பேர் வருவார்கள். ஒரே ராத்திரியில் பாதிக் குளம் செத்து மிதக்கலாம், முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் தண்ணீரில் ஒரு குறையும் கண்ணுக்குத் தெரியாது என்பதைச் சொல்ல எனக்கு யாரும் இருக்கவில்லை. அதைத் தனியாக நின்று பார்த்தேன், பணமும் போனது, அதைவிட அதிகமாக மனசு போனது. அதன் பிறகு பல மாதம் படித்து, அளந்து, கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன். குளம் வைத்திருக்கிற யாருக்காவது முன்கூட்டியே கிடைத்தால் நல்லது.

குளம் ரொம்பப் பெரியதில்லை, ஆழமான இடத்தில் ஆளுக்கு மேல் தண்ணீர் நிற்கும். நாங்கள் விட்டவை கட்லா, ரோகு, மிர்கால். கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடிச்சேற்றில், அதனால் மூன்றும் ஒன்றின் வாய்க்கு மற்றொன்று போட்டியில்லாமல் வளரும். விடாமலே வந்து சேர்ந்தவையும் இருந்தன: கெண்டைப்பொடி, கெளுத்தி, குரவை, விரால், ஓரத்துச் சேற்றில் ஆரால். கிட்டத்தட்ட ஒரு வருஷம் எல்லாம் ஒழுங்காகப் போனது. தண்ணீர் பச்சையாக இருந்தது, பச்சைத் தண்ணீர்தான் மீனுக்குச் சாப்பாடு என்று எல்லோரும் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை. அந்தப் பச்சை கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி, அதைத் தின்று நுண்ணுயிர்கள் பெருகும், அவற்றைக் கட்லா தின்னும். அந்தப் பச்சை ஒரு அளவைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதுதான் யாரும் சொல்லாத பாதி.

கோடை உச்சத்தில் தண்ணீர் மட்டம் இறங்கியது, மீன் எண்ணிக்கை அப்படியே இருந்தது, எடை மட்டும் கூடிக்கொண்டே போனது. பச்சை அடர்ந்து பெயிண்ட் கரைத்த மாதிரி ஆனது. அந்த நேரம் பார்த்து வானம் மூடிக்கொண்டது. சில நாளாக வெயிலே இல்லை, ஒரு இலைகூட அசையாத புழுக்கம், கடைசியில் ஒரு ராத்திரி நல்ல மழை. மழை பெய்ததே என்று நிம்மதியாகத் தூங்கினோம். இருட்டு விலகும் முன்னால் கரைக்குப் போனபோது முதலில் காதில் விழுந்தது ஒரு சத்தம், நூற்றுக்கணக்கான வாய்கள் தண்ணீர் மேல்பரப்பில் சப் சப்பென்று திறந்து மூடும் சத்தம். டார்ச் அடித்தால் ஓடிப் போகிற மீன்கள் அன்றைக்கு அசையவே இல்லை. வெளிச்சம் நேராகக் கண்ணில் விழுந்தும் அப்படியே சாய்வாக நின்று, மேல் உதடு காற்றில் தெரிய, தண்ணீரின் தோலை உறிஞ்சிக்கொண்டிருந்தன. கையை நீட்டினால் தொடலாம், தொட்டேன், ஒரு கட்லா மெதுவாகப் புரண்டு வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு அடியில் போனது.

கிணற்று மோட்டாரைப் போட்டு ஹோஸை ஓரத்தில் இறக்கிவிட்டேன். புதுத் தண்ணீர் வருகிற பக்கம் மீன் கூடும் என்று நினைத்தால் ஒன்றுகூட வரவில்லை. அப்போது புரியவில்லை, இப்போது தெரியும்: நிலத்துக்கடியிலிருந்து வருகிற தண்ணீரில் பெரும்பாலும் ஆக்சிஜன் மிகக் குறைவாகவே இருக்கும், காற்றில் பட்டுச் சிதறி விழுந்தால்தான் அது மீனுக்கு உதவும். தண்ணீருக்குள் ஹோஸை வைத்துத் திறந்துவிட்டால், மூச்சில்லாத தண்ணீரோடு இன்னும் கொஞ்சம் மூச்சில்லாத தண்ணீர் சேருகிறது, அவ்வளவுதான். வெயில் ஏறிய பிறகு உயிரோடு இருந்தவை தாமாகவே கீழே இறங்கின. மேலே மிதந்ததை எடுக்கவே அந்த நாள் முழுக்க ஆனது.

செத்தவற்றைப் பொறுக்கும்போது ஒன்று கவனித்தேன், அதை அன்றைக்கே யாராவது எனக்கு விளக்கியிருந்தால் அடுத்து வந்த இழப்பைத் தடுத்திருக்கலாம். செத்ததில் பெரிய மீன்கள்தான் அதிகம், முக்கியமாகக் கட்லா. வாய் பிளந்து, செவுள் மூடி விரிந்து கிடந்தன. சின்னக் கெண்டைகள் பல பிழைத்திருந்தன. விராலும் குரவையும் ஒன்றுகூடச் சாகவில்லை. விரால், குரவை, தேளி, பனையேறி மாதிரி மீன்களுக்குச் செவுள் தவிர நேரடியாகக் காற்றை இழுக்கத் தனி உறுப்பு உண்டு, தண்ணீரில் மூச்சு இல்லாவிட்டாலும் மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்துவிட்டுப் போய்விடும். ஆக, விடியற்காலையில் சாவு, பெரிய மீன் முதலில், காற்று குடிக்கிற மீன் தப்பிப்பது, இந்த மூன்றும் சேர்ந்தால் ஆக்சிஜன் பற்றாக்குறை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். பூச்சிமருந்து மாதிரி விஷம் கலந்திருந்தால் நேரம் காலம் பார்க்காமல் சாகும், சின்னது பெரியது எல்லாம் சேர்ந்து போகும், தவளைக்குஞ்சு, தண்ணீர்ப்பூச்சி, இறால்கூட மிஞ்சாது. நோய் என்றால் ஒரே ராத்திரியில் கொட்டாது, நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விழும், உடம்பில் புண்ணோ சிவப்போ தெரியும். மீன் செத்துக் கிடந்தால் அழுவதற்கு முன்னால் இதை மட்டும் பார்த்து எழுதி வையுங்கள், சில மணி நேரத்தில் எல்லாம் அழுகி அடையாளம் போய்விடும்.

எனக்கு இது தெரியாததால் சோதனைக்கு ஆள் கூப்பிட்டேன். அவர் வந்தது மத்தியானம். தண்ணீரில் கருவியை விட்டுப் பார்த்துவிட்டு, "ஆக்சிஜன் ஏகப்பட்டது இருக்கு சார், தண்ணில ஒரு குறையும் இல்ல, இது நோய்தான்" என்றார். அவர் அளந்த எண் பொய்யில்லை, அந்த நேரத்தில் நிஜமாகவே அவ்வளவு இருந்தது. அதை நம்பி மருந்து வாங்கினோம், விலை அதிகமான மருந்து. பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடச் சொன்னார் இன்னொருவர், நல்லவேளை அதை மட்டும் போடவில்லை. மருந்து போட்டுவிட்டோமே என்று தீவனத்தையும் வழக்கம்போலப் போட்டோம். அந்த வாரத்திலேயே மீண்டும் ஒரு விடியற்காலை, மீண்டும் அதே சத்தம். முதல் தடவை தப்பித்த ரோகுவில் பெரும்பகுதி அன்றைக்குப் போனது. முதல் இழப்பைவிட இந்த இரண்டாவது இழப்புதான் எனக்கு ஆறவே இல்லை, ஏனென்றால் அதற்குள் விஷயம் தெரிந்த ஒருவர் காலையில் வந்து அளந்திருந்தால் போதும்.

நடந்தது இதுதான். வெயில் இருக்கும்வரை நுண்பாசி ஆக்சிஜனை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், பச்சைக் குளத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு ஆக்சிஜன் அளக்கிற மீட்டர் காட்டுகிற எண் வியப்பாகவே இருக்கும். இருட்டினதும் அதே பாசி ஆக்சிஜனை இழுக்க ஆரம்பிக்கிறது. தீவனம் போட்டு வளர்க்கிற குளத்தில் ராத்திரி தீர்கிற ஆக்சிஜனில் பாசியும் நுண்ணுயிரும் அடிச்சேறும் இழுப்பதுதான் பெரும்பாலும் அதிகம், மீன்கள் இழுப்பது அதைவிடக் குறைவு. அதனால் குளத்தில் ஆக்சிஜன் உச்சத்தில் இருப்பது பிற்பகலில், அடிமட்டத்தில் இருப்பது சூரியன் எழுவதற்குச் சற்று முன்னால். மூட்டமான நாட்களில் பகல் வரவு குறைந்து ராத்திரிச் செலவு அப்படியே இருக்கிறது, நாளுக்கு நாள் கையிருப்பு கரைகிறது. அதோடு, காற்றில்லாத நாட்களில் மேல்தண்ணீர் சூடாகவும் அடித்தண்ணீர் குளிர்ந்தும் தனித்தனி அடுக்காக நிற்கும், அடி அடுக்கில் ஆக்சிஜன் இருக்காது. குளிர்ந்த மழை பெய்து மேல்தண்ணீர் கனமாகிக் கீழே இறங்கினால் இரண்டும் கலந்துவிடும். அடியில் கிடந்த மூச்சில்லாத தண்ணீரும் அழுகலும் குளம் முழுக்கப் பரவும். நாங்கள் நிம்மதியாகத் தூங்கின அந்த மழைதான் கடைசித் தள்ளு கொடுத்தது.

தண்ணீரில் எவ்வளவு கொஞ்சம் ஆக்சிஜன்தான் கரையும் என்பது தெரிந்தால் இந்த ஆபத்து இன்னும் நன்றாகப் புரியும். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 25 டிகிரி சூட்டில் இருக்கிற ஒரு லிட்டர் நன்னீர், காற்றிலிருந்து இயல்பாகக் கரைத்து வைத்துக்கொள்ள முடிவது 8 மில்லிகிராம் சொச்சம்தான், 30 டிகிரியில் 7.5 மட்டும். சூடு ஏற ஏறக் கரைவது குறையும், அதே சூட்டில் மீனின் தேவை கூடும். கெண்டை இன மீன்களுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி, 3க்குக் கீழே போனால் தீவனம் எடுக்காது, சோர்ந்து நிற்கும், 1க்குக் கீழே போனால் சாவு. ஓடுகிற ஆற்றிலும் பாறையில் மோதி விழுகிற ஓடையிலும் தண்ணீர் ஓயாமல் காற்றைக் கலந்துகொள்வதால் அங்கே இந்த ஏற்ற இறக்கம் இவ்வளவு இருக்காது. தேங்கின தண்ணீருக்கு அந்த வசதி இல்லை, காற்று அடித்து அலை எழும்பினால்தான் உண்டு.

ஆக்சிஜனைச் சும்மா பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோய் அளக்க முடியாது, போகிற வழியிலேயே எண் மாறிவிடும். கரையிலேயே மீட்டரை இறக்கிப் பார்க்க வேண்டும், அல்லது பிடித்த உடனே மருந்து சேர்த்து நிலைப்படுத்துகிற விங்க்லர் முறை வேண்டும். 1888இல் வந்த முறை, இன்றைக்கும் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க அதைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். மீட்டருக்கு ஆகும் செலவு நான் இழந்ததில் சின்னப் பங்குதான். மீட்டர் இருந்தால் ராத்திரி முழுக்க விழித்திருக்கத் தேவையில்லை. இருட்டினதும் ஒருமுறை அளங்கள், மூன்று நான்கு மணி நேரம் கழித்து இன்னொருமுறை அளங்கள். ராத்திரியில் ஆக்சிஜன் ஏறக்குறைய ஒரே சீராக இறங்கும் என்பதால் மிச்சத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். ஆறு மணிக்கு 7, பத்து மணிக்கு 5 என்றால் மணிக்கு அரை வீதம் இறங்குகிறது, காலை ஆறு மணிக்கு 1தான் மிஞ்சும், அன்றைக்குத் தூங்கக் கூடாது. ஆறு மணிக்கு 7, பத்து மணிக்கு 6.2 என்றால் விடியும்போது 4.6 இருக்கும், படுத்துக்கொள்ளலாம். அடித்தண்ணீரிலும் ஒருமுறை இறக்கிப் பாருங்கள், மேலே மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள்.

மீட்டர் இல்லையா, சரி, கை இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில் முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டு உள்ளங்கையைப் பாருங்கள். முழங்கை நனையும்போது உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் பச்சை அளவோடு இருக்கிறது. முழங்கைக்கு முன்னாலேயே மறைந்துவிட்டால் பாசி அதிகம், தீவனத்தைக் குறைக்க வேண்டும், சாணமோ உரமோ போடுகிற வழக்கம் இருந்தால் அன்றே நிறுத்த வேண்டும். இதையே ஒழுங்காகச் செய்ய ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்ப்பார்கள், இத்தாலிய விஞ்ஞானி ஆஞ்சலோ செக்கி 1865இல் கடலில் செய்து பார்த்த முறை அது. சேற்றுக் கலங்கல் உள்ள தண்ணீரில் இது உதவாது, பச்சைத் தண்ணீருக்கு மட்டும்தான். இன்னொரு அறிகுறியும் உண்டு: பச்சையாக இருந்த குளம் திடீரென்று பழுப்பாகவோ தெளிவாகவோ மாறினால் சந்தோஷப்படாதீர்கள், பாசி மொத்தமாகச் செத்துவிட்டது என்று அர்த்தம், அது அழுகும்போது மிச்ச ஆக்சிஜனையும் தின்றுவிடும். மயில்துத்தம் போட்டிருந்தால் எனக்கு இதுதான் நடந்திருக்கும்.

மீன் மேலே வந்து வாய் திறக்க ஆரம்பித்துவிட்டால் செய்ய வேண்டியதை நேராகச் சொல்கிறேன். தீவனத்தை உடனே நிறுத்துங்கள். குளத்து மேல்தண்ணீரையே மோட்டாரில் எடுத்து உயரத்திலிருந்து மழை மாதிரி சிதறி விழ விடுங்கள், ஓட்டை போட்ட தகரம், பிளாஸ்டிக் கூடை, எது மேல் விழுந்து சிதறினாலும் சரி. அடிச்சேற்றைக் கலக்கிவிடாதபடி உறிஞ்சு குழாயை மேலாகவே வைக்க வேண்டும். குளம் முழுக்கச் சரிசெய்ய ஆசைப்படாமல் ஒரு மூலையில் குவித்துச் செய்யுங்கள், மீன்கள் அந்த மூச்சுள்ள இடத்தைத் தேடி வந்துவிடும். அந்த நேரத்தில் வலை போட்டுப் பிடிக்காதீர்கள், ஓட வைத்தால் இருக்கிற கொஞ்ச மூச்சும் போய்விடும். எல்லாவற்றையும்விட முக்கியம், விடியற்காலை வரை காத்திராமல் முந்தின ராத்திரி பத்து பதினொன்றுக்கே ஆரம்பிப்பது. தண்ணீரில் காற்றைக் கலந்துவிடுகிற ஏரேட்டர் வைத்திருப்பவர்கள் காற்றில்லாத நாட்களில் பகலிலும் கொஞ்ச நேரம் ஓட்டினால் அடுக்கு பிரியாமல் இருக்கும்.

செத்த மீனை ஒன்றுவிடாமல் எடுப்பது அழகுக்காக இல்லை. அழுகல் ஆக்சிஜனைத் தின்கிறது, கூடவே அம்மோனியாவை விடுகிறது. பச்சைத் தண்ணீரில் பிற்பகலில் பி.எச்., அதாவது தண்ணீரின் அமில காரத் தன்மையைக் காட்டுகிற எண், 9ஐத் தாண்டிப் போகலாம், பி.எச். ஒன்று கூடினால் அம்மோனியாவின் விஷ வடிவம் பல மடங்காகும். அதாவது காலையில் மூச்சு முட்டல், பிற்பகலில் விஷம். அம்மோனியா அடங்கும்போது அதிலிருந்து உண்டாகிற நைட்ரைட் ஏறலாம், அப்போது மீனின் இரத்தம் சாக்லேட் நிறத்துக்குப் போகும், செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்புக்குப் பதிலாகப் பழுப்பு தெரியும். அதற்கு மட்டும் சாதாரண உப்பு நிஜமாகவே உதவுகிறது, உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கிறது. ஆனால் அளந்து பார்த்துவிட்டுப் போடுங்கள், எல்லாச் சாவுக்கும் உப்புக் கொட்டுவதில் பயனில்லை.

குஞ்சு, தீவனம், மருந்து, சோதனை என்று போட்டது போக, ஒரு வருஷ உழைப்பு குழிக்குள் போனது. புதைத்துவிட்டு வந்த பிறகு பல நாள் அந்த வாடை கையிலேயே இருக்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச காலம் விடியற்காலையில் தானாக முழிப்பு வந்துவிடும், காது அந்தச் சத்தத்தைத் தேடும். குளம் வைத்திருப்பவர்களிடம் இதைச் சொன்னபோதுதான் "எனக்கும் ஆச்சு" என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கோபம் வந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

அடுத்து மீன் விடும்போது வந்த யோசனை, "எதையும் தாங்குற மீனா விடுங்க", அதாவது ஆப்பிரிக்கக் கெளுத்தி அல்லது ஜிலேபிக் கெண்டை. தாங்கும், உண்மைதான். வெள்ளம் வந்து கரை தாண்டினால் ஓடைக்கும் ஆற்றுக்கும் போய் அங்கேயும் தாங்கும், அதுதான் பிரச்சினை. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950களில் நைல் பெர்ச் என்ற பெரிய மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். 1980களில் அது பெருகியபோது, உலகில் வேறெங்கும் இல்லாத அந்த ஏரியின் சின்ன மீன் இனங்களில் ஏராளமானவை சரிந்து போயின, ஏரியில் கழிவு சேர்ந்து பாசி பெருகியதும் அதோடு சேர்ந்துகொண்டது. நன்னீர் பூமியின் மேற்பரப்பில் ஒரு சதவீதம்கூட மூடியிருக்கவில்லை, ஆனால் உலகின் மீன் இனங்களில் ஏறக்குறைய பாதி அதற்குள்தான் வாழ்கின்றன. ஒவ்வொரு ஆற்றுக்கும் ஏரிக்கும் அதற்கே உரிய மீன் இருக்கிறது, போனால் வேறிடத்திலிருந்து கொண்டுவர முடியாது. என் நஷ்டத்துக்குத் தீர்வாக அதை அடுத்த ஆற்றுக்குத் தள்ள மனசு வரவில்லை. பழைய மூன்று மீனையே, பழைய எண்ணிக்கையில் பாதிதான் விட்டேன்.

ஓரத்துக் கோரையையும் நீர்ச்செடியையும் சுத்தமாக வெட்டச் சொன்னார்கள், அதையும் பாதிக்கு மேல் வெட்டவில்லை. தண்ணீரை மூடிப் படர்கிற ஆகாயத்தாமரையை எடுத்தே ஆக வேண்டும், அது வெளிச்சத்தையும் காற்றையும் அடைத்துவிடும். ஓரத்தில் வேரூன்றி நிற்கிற கோரை வேறு கதை, மண் சரியாமல் பிடிக்கிறது, பாசிக்குப் போகிற சத்தைக் கொஞ்சம் தானும் எடுத்துக்கொள்கிறது, விரால் அதன் நடுவில்தான் முட்டையிடுகிறது. விரால் குஞ்சுகள் செந்நிறப் பொட்டுகளாக ஒரே கூட்டமாய் மேலே வந்து வந்து போவதையும், தாய்மீனோ தந்தைமீனோ அதற்கு நேர்கீழே நிழலாக நிற்பதையும் அந்தக் கோரை இருக்கிற இடத்தில்தான் பார்க்கலாம்.

மறுவருஷமும் அதே மாதிரி மூட்டம் வந்தது, அதே புழுக்கம். சாயங்கால அளவையும் ராத்திரி அளவையும் வைத்துக் கணக்குப் போட்டால் விடியும்போது 1.5கூட மிஞ்சாது என்று வந்தது. பத்து மணிக்கே மோட்டாரைப் போட்டோம். நடுராத்திரியில் கரண்ட் போய்விட்டது. டீசல் மோட்டார் ஒன்றை முன்கூட்டியே பேசிக் கரையிலேயே நிறுத்தி வைத்திருந்ததால் தண்ணீர் விழுவது நிற்கவில்லை, காலையில் மீன்கள் அந்த மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன, செத்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. மூட்டமும் மழையுமாக இருக்கிற ராத்திரியில்தான் கரண்டும் போகும், அதனால் ஏரேட்டர் வாங்கும்போதே டீசலுக்கும் ஒரு ஏற்பாடு செய்துவிடுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை தேவைப்பட்டாலும் பரவாயில்லை.